புதுச் சாமானில் பழைய கீறல்

பழைய படகைப் புதுசாக்குகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தப் படகுக்கென்று புதுச் சாமான் வாங்கி வந்து, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்குகிற மனிதர் நம் டயர்க்கடைக்காரர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அன்று மத்தியானம் அவர் மடியில் கிடந்தது ஒரு எஃகு ஷாஃப்ட். படகைத் தள்ளுகிற விசிறி சுழல்வது அதில்தான். கியர் பெட்டியோடு சேர்த்து அதன் விலை, கடையின் இரண்டு மாத லாபம். முகம் பார்க்கலாம் போல மின்னியது. அந்த மினுமினுப்பை ஒழிப்பதற்காக மனிதர் வியர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவருடைய சகலைக்காக. மனைவியின் தங்கை கணவர். போன வருஷம் அக்காவும் தங்கையும் இவர்கள் இரண்டு பேரையும் காய்கறி வாங்கிவர அனுப்பினார்கள். மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் படகுத்துறையில் பழைய படகுகளை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கலாம் என்று நின்றவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே லாரியில் ஒரு படகு வந்தது. பதினெட்டு அடி நீளம், ஒடுக்கமான உடம்பு, கூரான மூக்கு. ஒரு காலத்தில் பந்தயங்களில் பறந்த படகாம். இப்போது சிவப்புச் சாயம் வெளுத்து, இருக்கையில் உட்கார்ந்தால் ஆள் இடுப்புவரை உள்ளே போனார்.

"இது ஓடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"சின்னச் சின்ன வேலைதான் பாக்கி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். காய்கறி எங்கே என்று கேட்டதும் இருவரும் மறுபடி மார்க்கெட்டுக்கு நடந்தார்கள்.

சின்ன வேலை என்று தொட்ட எதுவும் சின்னதாக முடியவில்லை. தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் இருந்த சட்டமெல்லாம் உளுத்துப்போயிருந்தது. சட்டத்தை மாற்றிவிட்டு நிமிர்ந்தால், இன்ஜினைத் தாங்குகிற பின்பலகை பிய்ந்து கையோடு வந்தது. அதை முடித்தால் பெட்ரோல் டேங்க் ஒழுகியது. படகுச் சாமான் விற்கிறவனோ, சாதாரண போல்ட்டைக்கூட 'படகு போல்ட்' என்று சொல்லி மூன்று மடங்கு விலை வைத்தான். செலவு கையைக் கடித்தது. போகப் போக முழங்கை வரைக்கும் கடித்தது. ஆளுக்குப் பாதி என்பதால் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள்.

அப்போதுதான் சகலைக்கு வேலை போனது. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற பட்டறையில் இருந்தார். முதலாளி வெளியூரில் இருந்த மகனோடு போய் இருக்க முடிவுசெய்து பட்டறையை இழுத்து மூடிவிட்டார். அன்றிலிருந்து சகலை யார் வீட்டுக்கும் போவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை, விசேஷத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி. பாவம், அந்த வயிறும் தலையும் அத்தனை பழியைச் சுமந்தன. கடைக்குப் பின்னால் இருந்த படகுக் கொட்டகைக்கு மட்டும் தவறாமல் வந்தார்.

புது டேங்கின் விலையைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது. "பாதி குடுக்க முடியலைன்னா பாதிப் படகு எனக்கு எதுக்கு சகலை? நான் விலகிக்கறேன். நீங்களே வெச்சுக்குங்க."

"பணம் மெதுவா குடுங்க."

"மெதுவாங்கறது கடன். சொந்தத்துல கடன் வெச்சா அப்புறம் உங்க முகத்தை எப்படிப் பாக்கறது?"

அன்று இரவு டயர்க்கடைக்காரரிடம் மனைவி மெல்லச் சொன்னாள். "தங்கச்சி போன்ல அழறா. அவர் வாரம் முழுக்க அழுக்குச் சட்டையோட உட்கார்ந்திருக்காராம். நம்ம கொட்டகைக்கு வர்ற அன்னிக்கு மட்டும்தான் ஷேவ் பண்றாராம்."

அந்த ஒரு வார்த்தையில் டயர்க்கடைக்காரர் ஆடிப்போனார். படகு ஓடாவிட்டால் தொலைகிறது. சகலை வருவது நின்றுவிடக் கூடாது. அவருக்கும்தான் வேறு யார் இருக்கிறார்கள்? கடைக்கு வருகிறவர்கள் காற்றடித்ததும் போய்விடுவார்கள். இருட்டும்வரை எதிரே உட்கார்ந்து, ஒரு ஸ்க்ரூவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர் சகலை ஒருவர்தான்.

மறுநாளே புது டேங்க் வாங்கினார். அதை இரண்டு இடத்தில் நசுக்கி, தெருத் தூசியைக் கிரீஸில் குழைத்துப் பூசி, "பழைய சாமான் கடையில அடிமாட்டு விலைக்குக் கிடைச்சது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் சொன்ன விலை, உண்மை விலையில் பத்தில் ஒரு பங்கு. சகலை சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து, அந்த விலையில் சரிபாதியை எண்ணிக் கொடுத்தார். அடுத்து ஸ்டீரிங், அப்புறம் விசிறி. ஒவ்வொன்றும் கொட்டகைக்குள் நுழையும் முன்பே வயதாகி வந்தது.

இதில் ஒரு கூத்து. இவர் பழசாக்கிய ஒவ்வொன்றையும் சகலை மடியில் வைத்துக்கொண்டு புதுசாக்க ஆரம்பித்தார். கம்பளித் துணியும் ஏதோ ஒரு பசையும் எடுத்து வருவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார், ஊதுவார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். சில நாளில் அது பெட்டியில் இருந்தபோது மின்னியதைவிட அதிகமாக மின்னும். "பழசுன்னு யாராவது சொல்வாங்களா?" என்று நீட்டுவார். டயர்க்கடைக்காரர் அதை வாங்கிப் பார்ப்பார். 'நான் கெடுத்ததைச் சரிபண்ணத்தானே இந்த மனுஷன் கை வலிக்க உட்கார்ந்திருக்கிறார்' என்று நினைப்பார். ஆனாலும் நிறுத்த வழி தெரியவில்லை.

கடைசியில் இந்த ஷாஃப்ட். எஃகு கெட்டியாக இருந்தது, உப்புத்தாளுக்கு மசியவில்லை. சகலை வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில், டயருக்கு ஒட்டுப் போடுமுன் ரப்பரைச் சுரண்டுகிற மோட்டாரை எடுத்தார். வைத்ததுதான் தெரியும். கை வழுக்கி, ஷாஃப்ட்டைச் சுற்றி ஆழமாக ஒரு கோடு விழுந்தது. விரலை வைத்துப் பார்த்தார். நகம் தடுக்கியது.

மோட்டார் சத்தத்தில் பின்கதவு திறந்தது கேட்கவில்லை. நிமிர்ந்தபோது சகலை நின்றுகொண்டிருந்தார், மழமழவென்று ஷேவ் செய்த முகத்தோடு. ஷாஃப்ட்டைப் பார்த்தார். பக்கத்தில் பிரித்துப்போட்டிருந்த புது அட்டைப்பெட்டியைப் பார்த்தார். டயர்க்கடைக்காரர் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

"இது ரப்பர் சீல் உட்கார்ற இடம் சகலை" என்றார் வந்தவர், ஷாஃப்ட்டை வாங்கி நகத்தால் தடவியபடி. "இங்க கோடு இருந்தா தண்ணி உள்ள போயிடும். கியர் பூரா போச்சு. மத்த இடத்துல எங்க வேணும்னாலும் தேய்ச்சிருக்கலாமே, இங்க ஏன் கை வெச்சீங்க?"

"மத்த இடத்துலன்னா..." டயர்க்கடைக்காரர் மோட்டாரைக் கீழே வைத்தார். "அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"உழைச்சுத் தேய்ஞ்ச பொருள்ல கீறல் நாலு பக்கமும் ஓடும். உங்க கீறல் எல்லாம் ஒரே பக்கம் சாயும், நீங்க வலது கைக்காரர்ங்கறதால. நான் இத்தனை வருஷம் பார்த்தது கீறலைத்தானே? டேங்க்ல சந்தேகம். ஸ்டீரிங்ல நிச்சயம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

சகலை அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் உட்கார்ந்தார். "சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. நிறுத்தினா நான் விலகணும். விலகினா... காலைல எழுந்து நான் எங்க போவேன்?" ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதி குடுக்கறேன்னு வீம்பு பேசினேன். குடுக்க முடியல. குடுக்க முடியாததைத் தேய்ச்சாவது கழிப்போம்னு தேய்ச்சேன்."

டயர்க்கடைக்காரர் முகத்தை ஷட்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிற வயதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பானது.

"நிஜ விலையைச் சொல்லுங்க" என்றார் சகலை. "டேங்க்லேர்ந்து."

சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. கேட்கக் கேட்க சகலையின் தலை குனிந்துகொண்டே போனது. எழுந்து போய்விடுவார் என்றுதான் டயர்க்கடைக்காரர் பயந்தார்.

"நீங்க தேய்ச்சதுக்குக் கூலி போட்டா நான்தான் உங்களுக்குத் தரணும்" என்றார் அவசரமாக.

"தரணும்தான். என் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்றார் சகலை. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிறது.

பிறகு காரியத்துக்கு வந்தார். "இந்தக் கோட்டைத் தேய்ச்சு எடுக்க முடியாது, அளவு குறைஞ்சிடும். மேல மெல்லிசா ஒரு எஃகு வளையம் ஏத்தணும். லேத் பட்டறைல செஞ்சு தருவாங்க. எவ்வளவு கேப்பாங்க?"

பழக்கதோஷத்தில் டயர்க்கடைக்காரர் வாயில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. சகலை அவரையே பார்த்தார். இவர் அதை விழுங்கிவிட்டு, சரியான தொகையைச் சொன்னார். பெரிய தொகையில்லை. சகலை மடித்த நோட்டுகளை எடுத்துப் பாதியை எண்ணி நீட்டினார். இந்தத் தடவை அது நிஜமான பாதி. டயர்க்கடைக்காரர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது சகலை மேசைக்கு அடியில் குனிந்து, மிச்சமிருந்த உப்புத்தாள்களையெல்லாம் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் இனி என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நாளைக்குக் காலைலயே வரேன். ஷட்டரைத் திறந்தே வைங்க."