நிமிர்த்தி வைத்த கரண்டி

பிரெஞ்சு ஷெஃப் எத்தியேனுக்கு மூக்கு செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்தே கொண்டுபோனது. மலையாளக் கரையில், விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடற்கரை ஹோட்டலில் இது தெரிந்த ஒரே ஆள் இசக்கிசெல்வி. வெண்ணெய் கருகி ஊரே இருமும்போது, அதன் மேலேயே குனிந்து நின்று அவர் விசிலடித்ததைப் பார்த்தவள்.

அன்றிலிருந்து அவருக்கு மூக்கும் நாக்கும் அவள்தான். எதையும் அவள்தான் முதலில் ருசிப்பாள். கெட்டுப்போனது என்றால் கரண்டியைக் கவிழ்த்து வைப்பாள். நிமிர்த்தி வைத்தால் நல்லது. அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது ஒரு வாக்கு: பிரான்சில், லியோனில் இருக்கும் என் நண்பனின் சமையலறைக்கு உன்னை அனுப்புவேன். கொத்து வேலைக்கு வந்த பிச்சைக்கனியின் மகள், அந்த வீட்டின் முதல் டிகிரிக்காரி, நம்பினாள்.

எத்தியேன் லியோனில் பதினாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். பெரிய ஷெஃப் அடுப்பில் காய்ந்த அகப்பையால் முழங்கையில் போட்டாலும் ‘வீ, ஷெஃப்’, அதாவது ‘சரி, ஷெஃப்’ என்பதைத் தவிர வாய் திறக்கக் கூடாதாம். பிறகு ஜித்தா, மொரீஷியஸ், இங்கே. போன இடமெல்லாம் அந்த அகப்பையும் கூடவே போனது. தழும்பைக் காட்டிப் பெருமைப்படுவார். பெருமைப்பட அதில் என்ன எழவு இருக்கிறது? செல்வியின் கையிலும் அப்படி ஒரு தழும்பு உண்டு, அவர் போட்டது. அவளும் ‘வீ, ஷெஃப்’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

அன்று காலை, கூட வேலை பார்க்கும் அஜின் வந்து நெளிந்தான்.

"செல்விக்கா, கோவப்படாத கேட்டியா. லியோனுக்கு எனக்க பேரத்தான் ஷெஃப் குடுத்திருக்காரு."

"என்னல சொல்லுத? பால் பொங்குனாக்கூட என்னையக் கூப்பிடுத பய நீ!"

"நான் கேக்கல்லக்கா, சத்தியமாட்டு."

நேரே எத்தியேனிடம் போய்க் கேட்டாள். அவர் சிரித்தார். "உன்னை அனுப்பிவிட்டு நான் என்ன செய்வேன்?"

மதியம் மேனேஜர் பத்மகுமார் ஒரு கிண்ணம் வேகவைத்த சிப்பியோடு வந்தான். அவனுக்கு ஷெஃபின் மூக்கின் மேல் ரொம்ப நாளாகவே சந்தேகம். அவன் வாசலைத் தாண்டும்போதே அழுகல் வாடை செல்வியின் மூக்கில் ஏறியது.

"ஷெஃப், இது பிரெஷ் தன்னே அல்லே?"

எத்தியேன் குனிந்து முகர்ந்தார். நன்றாகவே நடிப்பார். ஓரக்கண் மட்டும் செல்வியின் கையைத் தேடியது.

அவள் கரண்டியில் கொஞ்சம் சாறு எடுத்தாள். வாய்வரை கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. கரண்டியை மேடையில் வைத்தாள். நிமிர்த்தி.

"இன்று காலைக் கடல்," என்றார் எத்தியேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினார். அப்புறம் இன்னொன்று.

அஜின் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

"ரெண்டு திவசம் வெயிலத்து வெச்ச சிப்பியாணு, ஷெஃப்," என்றான் பத்மகுமார். இரண்டு நாள் வெயிலில் கிடந்த சிப்பி.

எத்தியேன் கரண்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் போதும், அவள் வேலை தப்பிக்கும்.

"வீ, ஷெஃப்."

பத்மகுமார் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். "அப்போ இத்ரயும் காலம் நினக்கு எல்லாம் அறியாமாயிருந்நு, அல்லே?" இவ்வளவு காலமும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

தொட்டியைப் பிடித்துக்கொண்டு எத்தியேன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. செல்வி போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு ஏப்ரனை அவிழ்த்து அந்தக் கரண்டியின் மேல் போட்டாள்.