எட்டுக்குப் படைக்கிற கோழி

புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில், அந்த ஏழாம் மாடி வீட்டுக் குசினி மேசையில் கடையில் சுட்ட கோழிகள் மூன்று கிடந்தன. கமலாம்பிகை அவற்றை மாறி மாறிப் பார்த்தாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. செத்தவருக்குப் படைக்கிறதில் உப்புப் பார்க்கக்கூடாது. துடக்கு வீட்டில், தீட்டுக் கழியும்வரை, அவளுக்கு மச்சமாமிசமும் ஆகாது.

இன்றைக்கு அவள் புருசன் நவரட்ணம் செத்து எட்டாம் நாள், எட்டுப் படையல். பொழுதுபட்டதும் அவருக்கு விருப்பமானதைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். மனுசன் வந்து ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டுப் போவார். மாரடைப்பில் ஒரு சொல்லும் சொல்லாமல் போனவர். இதிலும் ஆசை தீராமல் அனுப்பினால்?

அவருக்கு விருப்பம் என்று அவளுக்குத் தெரிந்தது வியாழக்கிழமைகளில் அவர் வாங்கிவரும் சுட்ட கோழிதான். எந்தக் கடை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பின்னேர வேலை முடிந்து அவள் வரும்போது பையெல்லாம் குப்பைக்குள் போயிருக்கும், கோழி சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கும். அதன்மேல் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டித் தின்கிற குடும்பத்துக்கு எந்தக் கடைக் கோழியும் ஒன்றுதான்! இப்போது வந்து எது எது என்று தவித்தால் யார் சொல்வது?

தமையன் இரத்தினவேல் அட்டை காட்டி உள்ளே போகும் மொத்தக்கடையில் வாங்கிவந்தது, உப்புத்தண்ணீரில் ஊறிக் கொழுத்துப் பளபளத்தது. பிளாசா சுப்பர்மார்க்கெட் கோழி சூம்பி, நெஞ்சுப்பக்கம் காய்ந்து கிடந்தது. இன்னொரு சுப்பர்மார்க்கெட் கோழியில் சிவப்புத்தூள் அப்பியிருந்தது, இனிப்பாக மணந்தது.

"அப்பாட சிக்கன் இவ்வளவு பெரிசில்லை அம்மா," என்றாள் மகள் நிலாணி.

"அப்ப உந்தச் சின்னனோ? வடிவாப் பார்."

"ஐ டோன்ட் நோ, அம்மா!" பிள்ளை அழத் தொடங்கினாள்.

"மூண்டையும் வையன் தங்கச்சி," என்றார் இரத்தினவேல்.

"கண்ட நிண்டதெல்லாம் வைக்க, அவர் என்ன விருந்தாளியோ அண்ணை?" என்று அவள் சீறி விழுந்தாள்.

அந்த நேரம் அன்புராசா பூவோடு வந்தான். நவரட்ணத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை, ஒரே காரில் போய்வந்தவன். கமலாம்பிகை அவன் கையைப் பிடிக்காத குறையாக ஓடிப்போனாள்.

"தம்பி, இவர் எந்தக் கடையில கோழி வாங்கிறவர்?"

அன்புராசா மேசையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"கடையெண்டு ஒண்டுமில்லை அக்கா. வழியில எது ஆம்பிடுதோ அது. பஞ்சைத் தின்னிறமாதிரி இருக்கெண்டு காருக்க ஒரே புறுபுறுப்பு. நீங்கள் களைச்சு வந்து அடுப்படியில நிக்கக்கூடாதெண்டுதான் வாங்கினவர்."

"விரும்பித்தானே தின்னிறவர்?"

"உங்களுக்கு முன்னால, ஓம்."

"அப்ப அவருக்கு என்ன விருப்பம்?"

அன்புராசாவுக்குத் தெரியவில்லை. தமையனுக்கும் தெரியவில்லை. நிலாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு தாயையே பார்த்தாள். இத்தனை வருசம் சோறு போட்டவளுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

பொழுது பட்டுவிட்டது. இரத்தினவேல் சோற்றோடு மூன்று கோழிகளையும் இலையில் வைத்தார். விளக்கேற்றிக் கதவைச் சாத்தினார். எல்லாரும் கொரிடோரில் நின்றார்கள்.

கமலாம்பிகையால் நிற்க முடியவில்லை. பாய்ந்து போய்ச் சாத்திய கதவில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்னப்பா விருப்பம்? ஒருக்காச் சொல்லுங்கோ, நான் இப்ப சமைச்சுத் தாறன்!"