பதினான்கு எரிநட்சத்திரங்கள்

“பதினாலு,” என்றான் ஜான் பீட்டர்.

பாயில் பக்கத்தில் படுத்திருந்த மகள் பெர்சி எழுந்து உட்கார்ந்தாள். “எப்படிப்பா? எனக்கு ஒம்பதுதான். அம்மாவுக்குப் பத்து.”

“நீ அந்தப் பக்கம் பாத்துருப்ப.”

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி இரவு எரிநட்சத்திரங்கள் பொழியும், வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்த்தார்கள் என்று எழுதி வர வேண்டும் என்று ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். பெர்சி இரண்டு வாரமாக இதே நினைப்பில் இருந்தாள். பக்கத்து வீட்டு உஸைர் பாயிடம் போய் வாசல் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வளைகுடாவில் அவர்கள் இருந்த ருவைஸில், ஜான் பீட்டர் வேலை பார்க்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து வடக்கு வானத்தை எப்போதும் ஆரஞ்சாக வைத்திருக்கும். அது மறையும்படி வீட்டுக்குப் பின்னால் வடக்கு மதிலை ஒட்டிப் பாய் விரித்ததும் அவள்தான். மணலிலிருந்து ஏறிய குளிருக்கு மூவரும் ஒரே கம்பளியை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜான் பீட்டருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேலே கரித்துணி விரித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அவன் எண்ணியது அவர்களுடைய சத்தத்தை. பெர்சி மூச்சை இழுத்தால் ஒன்று. மனைவி தேவகனியின் வளையல் அசைந்தால் ஒன்று. சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே தானாக ஒன்று. பிளாண்டில் இரவு ஷிப்டில் டார்ச் வட்டத்துக்கு வெளியே இரும்புப் படிகள் காணாமல் போகத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. வருடாந்திர மெடிக்கலில் பகல் வெளிச்சத்தில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரிவரை படித்துவிடுவான். சொந்த ஊரான மணப்பாட்டில் அவன் அண்ணன் விபின் நாற்பது வயதில் ராத்திரி கடலுக்குப் போவதை நிறுத்தினார். ஊருக்கு முதுகுவலி என்று சொன்னவர், தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார். ஜான் பீட்டருக்கு இப்போது முப்பத்தொன்பது.

“அந்தா, பெரிசு,” என்றாள் தேவகனி. “தண்ணித் தொட்டிக்கு மேல, பச்சையா.”

“ஆமா, பாத்தேன். நீள வாலு.”

“எங்க, அம்மா? நான் அங்கதான பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள் பெர்சி.

தேவகனி அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, “பெர்சி, உள்ள போயி பிளாஸ்க்ல டீ ஊத்திட்டு வா. மெதுவா வா,” என்றாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அப்படி ஒண்ணும் விழல. நான் சும்மா சொன்னேன்.”

அவன் கம்பளியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“எத்தன நாளா?” கிளினிக்கில் நோயாளிகளிடம் கேட்கும் அதே நர்ஸ் குரல்.

“ரெண்டு வருசம்.”

“ராத்திரி வண்டி ஓட்டுதீங்களே?”

“வெள்ளக் கோட்டப் பாத்துக்கிட்டே வாரேன்.”

“பெர்சிய வச்சிக்கிட்டா?”

அவள் எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. அவள் முகமும் அந்த இருட்டில்தான் இருந்தது. “தியேட்டர்ல என் தோளப் புடிச்சிக்கிட்டு வந்தீங்க. ஆசையில புடிக்கீங்கன்னு நெனச்சேன்,” என்றாள்.

“சொன்னா பீல்டு வேலைலருந்து எடுத்துருவாங்க தேவகனி. விசா, வீடு, இவ ஸ்கூலு…”

“ஏன், என் விசாவுல நீங்க இருக்க மாட்டீங்களா?”

இரண்டு வருடத்தில் அவன் ஆயிரம் விதமாக இந்தப் பேச்சை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறான். அதில் ஒரு தடவைகூட அவள் இதைச் சொன்னதில்லை.

“நாளைக்கு நைட் டூட்டி,” என்றான்.

“போக வேண்டாம். காலையில கண் டாக்டரப் பாப்போம். பகல் வேல கேப்போம். குடுக்கலன்னா அப்புறம் பாத்துக்கிடலாம்.” அவள் அருகில் வந்து கையை நீட்டியது சட்டையில் பட்டுத்தான் அவனுக்குத் தெரிந்தது. “சாவியக் குடுங்க.”

பையிலிருந்து கார் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். டாக்டர் என்ன சொல்வார், பிளாண்டில் என்ன சொல்வார்கள் என்று எதுவும் தெரியாது. ஆனாலும் நாளை ராத்திரி அந்த ரோட்டில் அவன் இல்லை. மல்லாந்து படுத்தான். முதுகு முழுவதும் பாயில் படிந்தது. இவ்வளவு நேரமும் தோள்களைத் தூக்கி வைத்துக்கொண்டே படுத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது.

“ஆசையிலயும்தான் புடிச்சேன்,” என்றான்.

“வாய மூடுங்க,” என்றாள். ஆனால் அவள் குரல் இளகியிருந்தது.

பெர்சி டீயுடன் வந்தாள். தேவகனி சுற்றி வளைக்காமல் சொன்னாள்: “அப்பாவுக்கு ராத்திரில கண்ணு தெரியாது. மாலைக்கண்ணு. காலையில டாக்டர்ட்டப் போறோம்.”

பெர்சி பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். “அப்ப பதினாலு?”

“பொய்யி,” என்றான் ஜான் பீட்டர்.

“ஜீரோன்னு எழுதிக்கட்டா?”

“எழுதிக்கோ.”

அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து மேலே நீட்டினாள். அவன் விட்டுக்கொடுத்தான். ஒரு நிமிடம் அந்தக் கை அசையாமல் நின்றது. பிறகு பெர்சி மூச்சை இழுத்தாள். அவள் அவன் விரலை வலமிருந்து இடமாக, சாய்வாக, நீளமாக, மதில்வரை இழுத்துக்கொண்டு போனாள்.