துண்டுக்குள் பதினான்கு கிலோமீட்டர்

செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்று இருபது. இரண்டாவது முறையாகப் போண்டா வந்தது.

ஓடை தூர்வாரும் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளர் பிரவீனா தட்டை நகர்த்தி வரைபடத்துக்கு இடம் செய்தாள். கிணத்துக்கடவுக் கல்யாண மண்டபத்தின் பந்தி மேசை நீளமானது. நொச்சிப்பள்ளத்தின் வரைபடமும் நீளமானது. கூட்டத்தை அங்கே வைத்ததற்கு வேறு காரணம் இல்லை.

பள்ளம் என்றால் அந்தப் பக்கத்தில் ஓடை. நொச்சிப்பள்ளம் மலையடிவாரத்தில் தொடங்கிப் பதினொரு கிலோமீட்டர் ஓடி, கேரள எல்லையைத் தாண்டும். அங்கே இன்னும் மூன்றேகால் கிலோமீட்டர் போய் ஆற்றில் சேரும். வழியெங்கும் சீமைக்கருவேலமும் தென்னைநார்க் கழிவும் அடைத்துக் கிடந்தன. போன மழைக்குத் தண்ணீர் போக வழி தெரியாமல் காலனியில் நாற்பது வீடுகளுக்குள் போனது.

தூர்வார அனுமதி கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை. பதினொரு கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும். கூட்டமைப்பில் இருக்கும் நான்கு அமைப்புகளும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் இன்று ஒரு மணிக்குள் பொள்ளாச்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த வருடம். அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போய்விடும்.

நான்கு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பந்திக்கு உட்கார்ந்ததுபோல.

"ஆளுக்கு எத்தனை கிலோமீட்டர்னு சொல்லீட்டீங்கன்னா எழுதிக்கறனுங்க" என்றாள் பிரவீனா.

"பாலுசாமியண்ணன் சொல்லட்டுங்க" என்றார் கிருபாசங்கர். அவர் நார் மில் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். "மூத்தவரு. அவரு சொன்னா நாங்க மறுக்கவா போறோம்?"

"அட, அதெப்படீங்க?" பாலுசாமி தென்னை விவசாயிகள் சங்கத் தலைவர். "படிச்சவங்க இருக்கீங்க. நான் முந்திக்கிட்டா மரியாதையா? டீச்சரம்மா சொல்லட்டுங்க."

"பூவாத்தாள் ஊர்லதான் வெள்ளம் வந்தது. அவங்க முதல்ல சொல்றதுதான் நியாயம்" என்றார் அற்புதம். கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் சமூக சேவைச் சங்கம் அவருடையது. முப்பது வருடம் தலைமை ஆசிரியை.

பூவாத்தாள் மகளிர் குழுக்களின் தலைவி. போண்டாவை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான் சொல்லிப்போடுவேன். அப்பறம் எனக்குக் கொறைச்சு நீங்க சொல்லுவீங்க. போன கூட்டத்துல அதானே நடந்துச்சு?"

போன கூட்டத்தில் அதுதான் நடந்தது. அதற்கு முந்தைய கூட்டத்திலும். முதலில் சொல்பவரின் எண்ணைக் கேட்டு அதில் பாதியைச் சொல்ல மற்ற மூவரும் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

இரண்டு கூட்டங்களில் இரண்டே விஷயங்கள் முடிவாகியிருந்தன. ஒன்று, பேனரில் நான்கு சின்னங்களும் வட்டமாக இருக்க வேண்டும், முதலும் கடைசியும் தெரியக்கூடாது. இரண்டு, பள்ளத்தின் மேலிருந்து கீழாக வரிசை. கோயில், மில், மகளிர் குழு, தென்னை விவசாயிகள். கடைசியைப் பாலுசாமியே கேட்டு வாங்கிக்கொண்டார். "மத்தவங்க எடுத்தது போக மிச்சம் எவ்வளவோ அதை நான் பாத்துக்கறனுங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்காது என்று அவர் போட்டிருந்த கணக்கு கைதட்டல் அடங்கிய பிறகுதான் பிரவீனாவுக்குப் புரிந்தது.

"மில்லுக்காரருக்குத்தானுங்க அதிகம் வரோணும்" என்றார் பாலுசாமி இப்போது. "மில்லுத் தண்ணி பள்ளத்துல காப்பியாட்டமில்ல ஓடுது? சக்கரை போட்டா ஒரு டம்ளர் குடிச்சுப்போடலாம்."

"தேங்கா மட்டைய எங்களுக்கு விக்கறது நீங்கதானுங்களேண்ணா. விக்காம ஊட்டுலயே வெச்சுக்குங்க, காப்பி நின்னுபோகும்."

"எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து மெம்பர் ரிஃபத் ரெண்டு கடிதம் போட்டிருக்காருங்க" என்றாள் பிரவீனா, பேச்சை மாற்ற. "அவங்களும் கூட்டமைப்புல சேரறாங்களாம்."

"தண்ணி பூரா அவங்களுக்குத்தான் போகுது. போண்டாவுக்கும் வரோணுமா?" என்றார் பாலுசாமி. "பதில் போடாதீங்க அம்மணி. அவங்க பள்ளத்த அவங்க பாக்கட்டும்."

முதல் கூட்டத்திலும் இதையே சொன்னார். பதில் போகவில்லை.

மணி பதினொன்று ஐம்பது.

சுவரோரம் ஒரு நாற்காலியில் வேங்கடசாமி உட்கார்ந்திருந்தார். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். காலையில் பாலுசாமிக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் காரிலேயே வந்தவர். மாடு பின்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தது. வேங்கடசாமி தன் தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து உதறினார். மண்டபத்தில் சந்தை வாசம் வந்தது.

"ஏனுங்க" என்றார். "நான் ஒண்ணு சொல்லலாமுங்களா? இது நாலு பேரு காது கேக்கப் பேசற சமாச்சாரமே இல்லீங்க."

"பின்ன?" என்றார் அற்புதம்.

"துண்டுக்குள்ள பேசோணும்."

சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல் என்பது பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டும் தெரியும்.

"ஒரு வெரலுக்கு ஒரு கிலோமீட்டரு" என்றார் வேங்கடசாமி. "என்ற கையைப் புடிச்சுச் சொல்லீருங்க. அடுத்தவரு எத்தனைன்னு ஆருக்கும் தெரியாது. நான் கடைசியா அம்மணிகிட்டச் சொல்லி எழுத வெக்கறேன். ஒண்ணே ஒண்ணு. துண்டுக்குள்ள சொன்னா சொன்னதுதான். கூட்டவோ கொறைக்கவோ கூடாது."

"அதான் மொறை" என்றார் பாலுசாமி. அவருக்கு யோசனை பிடித்துவிட்டது. "எங்கப்பன் காலத்துலிருந்து துண்டுக்குள்ள குடுத்த சொல்ல நாங்க மாத்துனதில்லீங்க."

பிரவீனா கூட்டமைப்பின் பதினான்கு பக்க ஒப்பந்தத்தைப் பார்த்தாள். அதில் துண்டு பற்றி எதுவும் இல்லை. மணியைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

முதலில் அற்புதம்.

"கையைக் கழுவினீங்களா?"

"மாடு சுத்தமான பிராணிங்க டீச்சரம்மா."

"மாட்டைக் கேட்கலை."

வேங்கடசாமி போய்க் கழுவிவிட்டு வந்தார். துண்டு விழுந்தது. அற்புதம் கூரையைப் பார்த்துக்கொண்டார். துண்டு எழுந்ததும் வேங்கடசாமி கண்களை அகல விரித்தார். பிறகு நெற்றியைத் துடைத்தார்.

"அடேங்கப்பா" என்றார். "கோயிலுக்காரங்க கோயிலுக்காரங்கதானுங்க."

கிருபாசங்கரின் முகம் மாறியது. கோயிலை விட மில் குறைந்துவிட்டது என்று ஊரில் பேச்சு வரக்கூடாது. அவர் துண்டுக்குள் கையை விட்டார். கொஞ்சம் தயங்கினார். இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார்.

"மில்லுக்காரருக்கு இத்தனை பெரிய மனசுன்னு எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியும்" என்றார் வேங்கடசாமி, பாலுசாமி காதில் விழும்படி.

பூவாத்தாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மூஞ்சிய இப்படியெல்லாம் என்கிட்ட வெக்காதீங்க. ரெண்டு எருமை உங்ககிட்டக் குடுத்தவ நான்."

துண்டு விழுந்த வேகத்தில் எழுந்தது. வேங்கடசாமி அடுத்த ஆளைப் பார்த்தார்.

பாலுசாமி எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். கிருபாசங்கரை ஒரு முறை பார்த்தார். துண்டு விழுந்தது. வேங்கடசாமியின் புருவம் உயர்ந்தது. இந்த முறை அது நடிப்பு இல்லை.

"முடிஞ்சுதுங்க" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், கை கழுவும் இடத்தருகே, அவர் பிரவீனாவுக்கு எண்களைச் சொன்னார். கோயில் மூன்று. மில் நான்கு. மகளிர் குழு இரண்டு. தென்னை விவசாயிகள் ஐந்து.

பிரவீனா கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள்.

"பதினாலு வருதுங்க. பள்ளம் பதினொண்ணுதான்."

"பத்தாம போகலியேன்னு சந்தோசப்படுங்க."

"நீங்க ஏனுங்க ஆளாளுக்கு அப்படி மூஞ்சிய வெச்சீங்க?"

"தரகனுங்க அம்மணி" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. "தானா வருது."

மணி பன்னிரண்டு பத்து.

அவள் மேசைக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். எண்களையும் சொன்னாள். தாளில் எழுதித்தானே ஆக வேண்டும். மூன்று கிலோமீட்டர் அதிகம், யாராவது குறைத்துக்கொண்டால் உடனே கிளம்பலாம் என்றாள்.

இரண்டு கூட்டமாக ஒரு கிலோமீட்டரும் எடுக்காதவர்கள். இப்போது ஒருவரும் ஒரு கிலோமீட்டரும் விடவில்லை.

"கோயில் கொடுத்த வாக்கு" என்றார் அற்புதம். "ஞாயிற்றுக்கிழமை பூசையில சாமியார் அறிவிப்பாரு."

"எனக்கும் கொறைக்க ஒண்ணுமில்லீங்க" என்றார் கிருபாசங்கர். "நாலுன்னா நாலு. நாளைக்கு ஆரும் காப்பின்னு சொல்லக்கூடாது பாருங்க."

"நான் கொடுத்ததே ரெண்டு" என்றாள் பூவாத்தாள்.

எல்லோரும் பாலுசாமியைப் பார்த்தார்கள். பாலுசாமி வரைபடத்தைப் பார்த்தார். மேலிருந்து கோயிலுக்கு மூன்று. அடுத்து மில்லுக்கு நான்கு. அடுத்து மகளிர் குழுவுக்கு இரண்டு. ஒன்பது. எல்லைக் கோட்டுக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.

"மிச்சம் எவ்வளவோ அதை நான் பாத்துக்கறேன்னு அன்னிக்கே சொன்னனில்லீங்க?" என்றார். "மிச்சம் ரெண்டு. ரெண்டுன்னு எழுதிக்குங்க அம்மணி. பதினொண்ணு ஆச்சு. கெளம்புங்க."

பிரவீனா பேனாவை எடுத்தாள்.

"அதெப்படீங்க?" என்றார் கிருபாசங்கர். "துண்டுக்குள்ள நீங்க அஞ்சு."

"அது அஞ்சு இல்லீங்க தம்பி. வேங்கடசாமி நம்ம மனுசன். காலைல நல்ல மாடு வாங்கிக் குடுத்தாரு. சும்மா கை குடுத்தேன்."

"துண்டுக்குள்ள ஆருங்க கை குடுப்பாங்க?" என்றார் வேங்கடசாமி. அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "பொண்ணு பாக்கப் போன எடத்துலயா இருக்கோம்?"

பூவாத்தாளுக்குச் சிரிப்பில் புரையேறியது. அற்புதம் அவள் தலையில் தட்டினார்.

"நான் நாலு எழுதி, நீங்க ரெண்டு எழுதுனா, நாளைக்கு எங்க சங்கத்துல என்னைக் கேள்வி கேப்பாங்கண்ணா" என்றார் கிருபாசங்கர். தன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அஞ்சுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். இல்லீன்னா மன்னிச்சுக்குங்க."

"பள்ளமே இல்லாத எடத்துல எப்படீங்க எழுதறது?" என்றாள் பிரவீனா.

"இருக்குதே" என்றாள் பூவாத்தாள்.

அவள் விரல் எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தது. வரைபடத்தில் அங்கே நிறம் மாறியிருந்தது. ஓடை மாறவில்லை. அதே நீலக் கோடு வளைந்து போய் ஆற்றைத் தொட்டது.

"மூணேகால் கிலோமீட்டர்" என்றாள் பிரவீனா மெதுவாக. "நம்ம பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் மூணு. அஞ்சு சரியா வருதுங்க."

"கால் கிலோமீட்டர அவங்களே பாத்துக்கட்டும்" என்றார் அற்புதம்.

"டீச்சரம்மா, நீங்களுமா?" என்றார் பாலுசாமி.

"கீழ அடைப்பு இருந்தா தண்ணி மேலதான் ஏறும் பாலுசாமி. அஞ்சாம் வகுப்புப் பாடம். நீங்க அன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலை போலிருக்கு."

பூவாத்தாள் வரைபடத்தை விட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"போன மழைக்கு என்ற ஊட்டு அரிசிப் பானைக்குள்ள தண்ணி பூந்துச்சு" என்றாள். "கவுறு கட்டுன கன்னுக்குட்டி கட்டுத்தறியிலயே நீந்துச்சு. இந்த வருசம் எத்தனை கிலோமீட்டர்னு கணக்குப் பேசீட்டு இருந்தோம்னு அதுக்கு நான் போயிச் சொல்லோணுமா, இல்ல நீங்க வந்து சொல்றீங்களாண்ணா?"

பாலுசாமி துண்டைப் பார்த்தார். அது மேசைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. மாடு கத்தியது. அவர் வாங்கிய மாடு.

"அவங்க ஊருல நாம எப்படி எறங்கறது?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அனுமதி வேண்டாமுங்களா?"

"ரிஃபத் சரீன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. வாட்ஸப்புல ஒரு வரி அனுப்பினா இந்தத் தாளோட சேர்த்துக் குடுத்துடுவேன்" என்றாள் பிரவீனா.

"அப்பக் கேளுங்க அம்மணி."

"நான் ரெண்டு கடிதத்துக்கும் பதில் போடாதவ. எப்படிக் கேக்கறது?"

"ஏன் போடலீங்க?"

பிரவீனா அவரையே பார்த்தாள். மற்ற மூவரும் பார்த்தார்கள். வேங்கடசாமியும் பார்த்தார்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. பொள்ளாச்சிக்கு அரை மணி நேரம்.

பாலுசாமி கையை நீட்டினார். பிரவீனா எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, கைபேசியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். நான்கு முறை மணி அடித்தது. கிருபாசங்கர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

"ஹலோ, ஆராணு?" என்று மலையாளத்தில் கேட்டது மறுமுனை.

பாலுசாமி எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். எல்லோருக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"வணக்கமுங்க. கிணத்துக்கடவுலிருந்து பாலுசாமி பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க... உங்க பள்ளத்துல ஒரு மூணு கிலோமீட்டர நாங்க தூர்வாரிக்கலாமுங்களா?"