பத்து நிமிடப் பால்

"அஞ்சு இறாத்தல் பத்து அவுன்ஸ்," என்றார் ஜசிந்தா மிசி.

நான் உடனே கொப்பியைத் திறந்து எழுதினேன். கை அப்படிப் பழகிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான், முதற்பக்கத்தில் பிள்ளை பிறந்த அன்று எழுதியிருந்ததைப் பார்த்தேன்: ஆறு இறாத்தல் நான்கு அவுன்ஸ். இன்று பதின்மூன்றாம் நாள்.

கூரை வளையில் தொங்கிய தராசிலிருந்து பிள்ளையைத் துணியோடு இறக்கி, மிசி அக்காவின் மடியில் கிடத்தினார். மனோகரி அக்கா பிள்ளையின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிசி நெடுந்தீவுக்கு மருத்துவிச்சியாக வந்து ஏழு மாதந்தான். ஊர்காவற்றுறைக்காரி, என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அக்காவின் பிரசவம் பார்த்ததும் அவர்தான்.

"வெள்ளிக்கிழமை காலமை திரும்பவும் நிறுப்பன்," என்றார். "ஒரு மூண்டு அவுன்ஸாவது ஏற வேணும். ஏறேல்லையெண்டா அண்டைக்கே வள்ளத்திலை ஏத்தி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதுதான்."

ஆனி மாதம். சோளகக் காற்று பிடித்திருந்தது. முந்திய கிழமை குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட வள்ளம் பாதிக் கடலிலிருந்து திரும்பி வந்திருந்தது. அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கு நான்கு நாள்.

"நான் சொன்னா ஆர் கேக்கினம்?" என்று வாசலில் நின்ற செல்லாச்சி மச்சாள் தொடங்கினார். அத்தானின் தமக்கை அவர். அத்தான் மாத்தறையில் கடையில் நிற்பதால், பிள்ளையைப் பற்றிய கணக்கெல்லாம் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டவர். "தம்பி ரின்னிலை பால்மாவும் சூப்பிப் போத்தலும் அனுப்பியிருக்கிறான். இவையள் அதை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூசை செய்யினம். பிள்ளை காஞ்ச நெஞ்சைச் சூப்பிச் சூப்பி வத்துது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்பிடிப் பால் குடுக்கிறனீர்?" என்று மிசி அக்காவைக் கேட்டார். பதில் சொன்னது நான்தான்.

"நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மிசி. ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, பத்து. ஒரு பக்கம் பத்து நிமிஷம். எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சுகாதாரம் படிக்கிறேன். அம்பலவாணர் மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பில் குழந்தைக்குப் பாலூட்டும் முறையும் இருந்தது. அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் அதைப் பார்த்துக் கொப்பியில் கோடு கீறினேன்: நேரம், பக்கம், நிமிடம், நித்திரை, அழுகை. நான் செய்வது சரியா என்று எனக்கு எதிலும் சந்தேகம் உண்டு. எழுதி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

"இப்ப குடுக்கிறதை நான் பாக்கலாமோ?" என்றார் மிசி.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

பிள்ளை தன் கைமுட்டியை வாய்க்குள் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தான். மிசி சிரித்தார். "இவருக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதே."

அக்கா சட்டையைத் தளர்த்தினாள். பிள்ளையை நோக்கிக் குனிந்தாள். மிசி அவளைக் கதிரையில் சாய்ந்து உட்காரச் சொல்லி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். "நீர் அவரிட்டைப் போக வேண்டாம். அவரை உம்மட்டைக் கொண்டு வாரும். வயிறு வயித்தோடை முட்டட்டும். மூக்குக்கு நேரை காம்பைப் பிடியும். பொறும்... வாயை ஆவெண்டு திறக்கட்டும். இப்ப!" பிள்ளையின் மோவாய் அக்காவின் மார்பில் அழுந்தியது. அக்கா பல்லைக் கடித்தாள். பிறகு அவள் முகம் தளர்ந்தது.

முதலில் விரைவான சப்பல். அதில் விழுங்கும் சத்தம் இல்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாம் நிமிடமளவில் பிள்ளையின் தாடை அசைவு மாறியது. இழுத்து, நிறுத்தி, விழுங்கினான். மற்றப் பக்கத்தில் அக்காவின் சட்டை வட்டமாக நனைந்தது. பத்தாம் நிமிடம் என் கை தானாக நீண்டு பிள்ளையின் தோளுக்கடியில் போய் அவனை இழுத்தது. காம்பு விடுபட்டபோது அக்கா "ஸ்" என்றாள். பிள்ளை வீரிட்டான்.

"ஏன்?" என்றார் மிசி.

"பத்து நிமிஷம்."

மிசி பிள்ளையைத் திரும்பவும் மார்பில் சேர்த்துவிட்டு, என் கொப்பியை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல நான் நின்றேன். நான்காம் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. பிறகு முன்னே போய், பின்னே வந்தது.

"எல்லா நாளும் பாலுக்குப் பிறகு அழுகை எண்டு எழுதியிருக்கிறீர். இதிலை மட்டும், பின்னேரம் ஆறு மணிப் பாலுக்குப் பிறகு மூண்டு மணித்தியாலம் நித்திரை. இஞ்சையும் அப்பிடி. இஞ்சையும். என்ன நாளுகள் இது?"

பார்த்தேன். வியாழன், செவ்வாய், திரும்பவும் வியாழன். பின்னேரக் காற்றுக்கு நன்றாக உறங்குகிறான் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

"அண்டைக்கு நான் மாலை வகுப்புக்குப் போறனான்," என்றேன். "ஆனா நிமிஷம் பத்து எண்டுதானே இருக்கு. நான் வந்து கேட்டு எழுதினனான்."

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த நாளுகளிலை நான் மணிக்கூட்டைப் பாக்கேல்லை."

மிசி கொப்பியை மூடினார். "இவவுக்குப் பால் இறங்க ஏழெட்டு நிமிஷம் பிடிக்குது. இறங்கின உடனை நீர் இழுத்துப்போட்டா அவர் எதைக் குடிக்கிறது?" பிறகு குரலைத் தணித்தார். "எங்களுக்கும் பயிற்சியிலை நாலு மணித்தியாலம் எண்டுதான் சொல்லித் தந்தவை. இஞ்சை வந்து ஒரு வீட்டிலை பாத்தன், மணிக்கூடே இல்லை. அந்தப் பிள்ளை பூசணிக்காய் மாதிரி."

கேட்கும்போதெல்லாம் கொடுக்கவேண்டும், ஒரு பக்கம் அவனாக விட்ட பிறகுதான் மற்றப் பக்கம், எடுக்கவேண்டி வந்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து எடுக்கவேண்டும், காம்பு வெடிப்பில் பாலையே தடவிக் காயவிடவேண்டும், அக்கா வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கவேண்டும் என்றார். தண்ணீர் என்றதும் பக்கத்தில் நின்ற எங்கள் அம்மா, "பெத்தவள் கன தண்ணி குடிச்சா வயிறு வைக்குமெல்லே?" என்றார். "வைச்சா வைக்கட்டும், அம்மா," என்றார் மிசி.

போகும்போது என்னிடம், "எழுதுறதை விடாதையும். நேரத்தை விட்டிட்டு ஈரத்துணியை எண்ணும். ஒரு நாளைக்கு ஆறு வரவேணும்," என்றார்.

மணிக்கூட்டை அம்மா அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

திங்கள் மூன்று துணி. செவ்வாய் நான்கு. அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. பிள்ளை மணிக்கொரு தடவை கேட்டான், சில நேரம் அதற்கு முன்னும். அக்கா கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"இதென்ன, கடையோ? எந்த நேரமும் திறந்து வைச்சுக்கொண்டிருக்க?" என்றார் செல்லாச்சி மச்சாள்.

"உங்கடை தம்பியின்ரை பிள்ளைதானே, மச்சாள். கடைக்காரன்ரை பழக்கம் இருக்காதோ?" என்றாள் அக்கா. பிள்ளை பிறந்த பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியிலே துணிகள் அடித்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காற்று இன்னும் கூடியது. துணி போட்ட கையோடு காய்ந்தது. எது எண்ணியது, எது எண்ணாதது என்று பிடிபடவில்லை. ஒன்று பறந்து கல்வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் விழுந்தது. எடுத்து வந்து பார்த்தால் ஈரமா, வெறும் மண்ணா என்று தெரியவில்லை. ஐந்து என்று எழுதினேன். ஆறு என்று வெட்டி எழுதினேன். திரும்பவும் ஐந்தாக்கினேன்.

அன்று மத்தியானம் பிள்ளை விடாமல் அழுதான். ஒரு பக்கம், மற்றப் பக்கம், திரும்ப முதற்பக்கம், பிறகும் அழுகை. நான் முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். என் பிழையால் மெலிந்தவன், இப்போது இந்த முறையும் பிழையானால் என்ன செய்வது? குசினிக்குள் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்தேன். அலுமாரியைத் திறந்து ரின்னை எடுத்தேன். கலந்த போத்தலோடு அறை வாசலில் நின்றபோது அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கொண்டு போய் வை."

"அவனுக்குப் பசிக்குது, அக்கா."

"பசிக்குது எண்டு எனக்குத் தெரியும். எப்பவும் தெரிஞ்சதுதான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? பத்து நிமிஷம் காணாதெண்டு ஒருக்காலாவது சொல்லியிருக்கலாமே."

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "நீ அவனை இழுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குப் பால் முட்டிக்கொண்டு வரும், சறோ. சட்டை எல்லாம் நனையும். ஆனா நீ எழுதி வைச்சிருந்தாய். எழுதினதுக்கு முன்னாலை நான் என்னெண்டு சொல்லுறது?"

பிள்ளை வயிற்றுக் காற்று வெளியேற ஒரு பெரிய ஏவறை விட்டான். அழுகை நின்றது. அக்கா மற்றப் பக்கத்தைக் கொடுத்தாள். நான் போத்தலைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் ஊற்றினேன். எறும்பு வந்தது.

வியாழக்கிழமை அக்கா என்னை வகுப்புக்குத் துரத்தினாள். "நீ போனாத்தானே இவன் நித்திரை கொள்ளுவான்," என்றாள். வகுப்பு முடிந்தபின், பாலூட்டும் நேரத்தைப் பற்றி மிசி சொன்னதை அம்பலவாணர் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிசி சொன்னது சரியாய் இருக்கும், பிள்ளை. எனக்குப் பால் குடுத்துப் பழக்கமில்லை. ஆனா சோதினைக்கு நாலு மணித்தியாலம் எண்டே எழுதும்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அம்மா ஈரத்துணிகளைக் கொடியில் போடாமல் ஓர் ஓலைக் கடகத்தில் சேர்த்து வைத்திருந்தார். "எண்ணு," என்றார். ஏழு. ஆனாலும் அன்று இரவு முழுக்க எனக்கு அமைதி இல்லை. துணிக்கு நிறை இல்லை. மிசியின் தராசில் ஏறப்போவது துணி அல்ல.

வெள்ளி விடிந்ததும் செல்லாச்சி மச்சாள் சேலை மாற்றி, ஒரு பையோடு வந்துவிட்டார். பைக்குள் பிள்ளைக்குத் துணி, போத்தல், ரின். வள்ளம் எட்டு மணிக்கு. மிசி வந்தபோது ஏழு தாண்டியிருக்கும் என்று அம்மா வெயிலைப் பார்த்துச் சொன்னார்.

தராசைக் கொழுவியதும் காற்று அதை ஆட்டியது. மிசி கதவையும் யன்னலையும் சாத்தச் சொன்னார். அறை இருண்டது. துணித்தொட்டிலுக்குள் பிள்ளை காலை உதைத்தான். முள் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே நடுங்கியது. அவன் ஒரு கணம் உதைப்பதை நிறுத்தினான்.

"அஞ்சு இறாத்தல் பதினாலு."

"திரும்ப ஒருக்கா நிறுக்க ஏலுமோ, மிசி?" என்றேன். அக்கா என்னை முறைத்தாள். மிசி திரும்பவும் நிறுத்தார்.

"பதின்மூண்டரை."

"எதை எழுதுறது?"

"குறைஞ்சதை எழுதும்," என்றார் மிசி. "அதுவே காணும். நாலு நாளிலை மூண்டரை அவுன்ஸ். வள்ளம் தன்ரை பாட்டிலை போகட்டும். திங்கள் நான் வாறன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே பிள்ளையை வாங்கி மார்பில் சேர்த்தாள். செல்லாச்சி மச்சாள் பையைக் கீழே வைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க ரின்னை வெளியே எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப இதை நான் தேத்தண்ணிக்கு எடுக்கட்டோ?"

"எடுங்கோ, மச்சாள். எங்களுக்கும் ஒரு தேத்தண்ணி தாங்கோ," என்றாள் அக்கா.

மிசி போன பிறகு அரிசிப் பெட்டியைத் திறந்து மணிக்கூட்டை எடுத்தேன். யாரும் சாவி கொடுக்காததால் மூன்றேகாலில் நின்றிருந்தது. சரியான நேரம் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலில் இருந்தேன். உள்ளே பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். நாற்பத்தொன்றில் காற்று கதவை அடித்தது, கணக்குத் தவறிவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.