பின்கண்ணாடியில் நிற்பவர்கள்

கூரையை மடக்கிவிடும் காருக்குப் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கில்தான் இருக்கும். ஓட்டுகிறவர் யாரைப் பின்னால் விட்டுவிட்டு மிர்ரரில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போகிறாரோ, அவர் அந்தப் பிளாஸ்டிக்கில் அப்படியே நின்றுவிடுவார். வருஷம் போகப்போக ஆட்கள் சேர்ந்து, கண்ணாடி பழுத்து, பின்னால் வருகிற லாரியே தெரியாமல் போகும். அப்போது மாற்றித்தான் ஆகவேண்டும். உக்கடத்தில் அதற்கென்றே ஜெய்லாப்தீன் கடை போட்டிருந்தார்.

கண்ணாடி மாற்றப் போவதாகத்தான் கனகமணி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். உண்மையில் அவள் தன்னைத் தேடி வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர் அவள் புருஷன் நாச்சிமுத்து. இத்தனை காலத்தில் ஒரு நாளாவது அந்த மனுஷன் அவளைப் பார்த்துக்கொண்டே போயிருக்க மாட்டாரா? அது தெரிந்தால் போதும் அவளுக்கு. கண்ணாடியில் வெளியே தெரிகிற முன்வரிசையில் அவள் இல்லை. பின்வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

“வண்டியத் திருப்பி நிறுத்துங்கக்கா. எறங்குறவங்களுக்கு பஸ் ஸ்டாண்டு தெரியணுமில்ல?” என்றார் ஜெய்லாப்தீன்.

அவர் பிளேடால் தையலைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் மாமியார். “அடுப்புல என்ன வெச்சிருக்கற?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடையைக் கட்டினாள். அப்புறம் சீட்டாட்டக் கூட்டாளிகள். அப்புறம் ஒரு கறுப்பு நாய். எப்போதோ சந்தையில் விலை படியாமல் விட்டுவந்த எருமைகூட இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தது.

பிறகு பச்சைப் புடவையில் ஒருத்தி. நல்ல லட்சணம். வயசே ஆகவில்லை.

“அக்கா, அவரு நல்லா இருக்காருங்களா?”

“இருக்காரு. சக்கரை வந்திருச்சு.”

“அய்யோ! காப்பிக்கு அத்தனை இனிப்புக் கேப்பாருங்களே!”

“பொள்ளாச்சி பஸ் எதுத்தாப்ல நிக்கும். சீக்கிரம் போ” என்றாள் கனகமணி. அவளோடு நின்று குசலம் விசாரிக்க இவளுக்கென்ன தலையெழுத்தா?

அதற்குமேல் யாரும் இறங்கவில்லை. ஜெய்லாப்தீன் பிளாஸ்டிக்கை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கனகமணி முந்தானையால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துப் பார்த்தாள். அவளுடைய குடைக்கம்பிகூட அதில் இல்லை. எருமையைப் பார்த்திருக்கிறான், படுபாவி! இந்த மாதிரி நேரத்துக்கென்றே கடையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஜெய்லாப்தீன் அதுவரை புதுப் பிளாஸ்டிக்கை அளந்து வெட்டினார்.

“இப்பெல்லாம் அறுக்காம எடுக்கற மாதிரி ஜிப்பு வெச்சுத்தான் தைக்கிறோங்கக்கா” என்றார், மெஷினில் கூரைத்துணியைத் தள்ளியபடி. “ஆனா மொதல்ல யாராச்சும் ஒருத்தர் உள்ள நின்னாத்தான் தையல் இறுகும். இல்லீன்னா மழைக்கு ஒழுகும். அண்ணனை வரச்சொல்லுங்க. நீங்க பின்னால நில்லுங்க.”

கனகமணி முகத்தைக் கழுவினாள். பொட்டு வைத்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லை, கடை வாசலில் பூ வாங்கிக்கூட வைத்துக்கொண்டாள். பிறகு போன் செய்தாள்.

நாச்சிமுத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் தூக்குப்போசி. “நீ வெச்ச சோத்த எடுத்தாந்துட்டேன். பிடி. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து திங்கறேன்.”

அவள் தூக்கை வாங்கிக்கொண்டு காருக்குப் பின்னால், நடுரோட்டில், நேராக நின்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. லேசாகச் சிரித்து வைத்தாள். கார் கிளம்பியது. நாச்சிமுத்து மிர்ரரில் பார்த்தார். கண்டிப்பாகப் பார்த்தார், அவள் கண்ணால் கண்டாள்.

கார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. கனகமணி ஓடிப்போய்ப் பார்த்தாள். புதுக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதில் தூக்குப்போசி மட்டும், கை உயரத்தில், ஆளில்லாமல் நின்றது.

“தையல் இறுகிருச்சுங்க” என்றார் ஜெய்லாப்தீன்.

நாச்சிமுத்து ஜிப்பைத் திறந்து அந்தத் தூக்கை வெளியே எடுத்தார். பானெட்டில் வைத்துச் சாப்பிட்டார். காலியானதைத் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். உள்ளே போனதும் அது நிறைந்துகொண்டது.

“நல்லதாப் போச்சு. இனி நீ வெடியால எந்திரிச்சு சமைக்க வேண்டாம்” என்றார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். “ஆனா ரசத்துல உப்பு கம்மி.”

கனகமணி தன் கையிலிருந்த தூக்கைத் திறந்து ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பக்கத்துக் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தாள். ஜிப்பைத் திறந்து, கண்ணாடிக்குள் கையை விட்டாள். அளவாகத்தான் போடுகிறாளா என்று நாச்சிமுத்து மிர்ரரில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

இந்தத் தடவை தூக்கோடு, வளையல் வரைக்கும் அவள் கையும் உள்ளே நின்றது.

“ஜிப்ப இழுத்து மூடிக்குங்கண்ணா, தூசி உள்ள போயிரும்” என்று ஜெய்லாப்தீன் பின்னாலிருந்து கத்தினார்.