வலப்பக்கம் மட்டும் திரும்பும் சைக்கிள்

எங்கள் பள்ளியின் சைக்கிள் சங்கத்தில் பத்துப் பேர். பள்ளி விட்டதும் நாலரையிலிருந்து ஆறு மணிவரை பழைய வேதியியல் ஸ்டோர் ரூமில் கூடுவோம். யாருக்கும் வேண்டாத சைக்கிள்களைக் கேட்டு வாங்கி, பிரித்து, துருவைத் தேய்த்து, மறுபடி ஓட வைப்போம். நான் பொறுப்பாசிரியை. படித்தது இயற்பியல். ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் புத்தூரில் ஒரு சைக்கிள் கண்காட்சி அறிவித்தார்கள். பள்ளிக்கு ஒரு சைக்கிள். பள்ளி வாசலிலிருந்து ஓட்டிக்கொண்டே வர வேண்டும். தூக்கக் கூடாது, லாரியில் ஏற்றக் கூடாது.

தலைமையாசிரியர் வெங்கட்ராகவன் என்னைக் கூப்பிட்டார்.

"மாலினி, சனிக்கிழமை பத்து மணிக்குள்ள புத்தூர்ல இருக்கணும். இல்லேன்னா அந்த ரூமை விட்டுடுங்க. நாப்பது பெஞ்சு வெளியில கெடக்கு."

தலையாட்டினேன். அறை போனால் சங்கமும் போய்விடும். பத்துப் பிள்ளைகளையும் பிரித்துப்போட்ட சைக்கிள்களையும் வைத்துக்கொள்ள எனக்கு வேறு இடம் தெரியாது. ஒரு நாளில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்குப் பயமில்லாமல் கழிவது.

கண்காட்சிக்கு யார் ஓட்டிப் போவது என்று இரண்டு வாரம் சண்டை நடந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஜெயித்தவனைத் தவிர ஒன்பது பேரும் குலுக்கல் சரியில்லை என்றார்கள். ஜெயித்தவன் ஸ்ரீவத்ஸ். கடைசியில் அவனே வழி சொன்னான்.

"எல்லாரும் போறா மாதிரி ஒண்ணு பண்ணிடுவோம். மிஸ்ஸுக்கும் ஒரு சீட். மொத்தம் பதினொண்ணு."

பதினொரு சைக்கிளை வெட்டி ஒன்றாகச் சேர்த்தோம். நீளம் முப்பத்தொரு அடி. நடுவில் தொய்ந்ததால் அங்கே ஒரு சக்கரம் வைத்தோம். அறை பதினெட்டு அடிதான் என்பதால் இரண்டு பாதியாகச் செய்து, சனிக்கிழமை விடிகாலையில் பள்ளி வாசலிலேயே கீழச்சித்திரை வீதியில் கிடத்தி வெல்டிங் வைத்தோம். ஒருவர் மட்டும் பிரேக் பிடித்தால் மற்ற பத்துப் பேரும் முன்னால் சரிவார்கள். அதனால் சங்கத்தில் ஒரு விதி போட்டோம்: முதல் சீட்டிலிருந்து கேள்வி ஒவ்வொருவராகப் பின்னால் வரும், கடைசி சீட்டிலிருந்து பதில் ஒவ்வொருவராக முன்னால் போகும். பிறகுதான் பிரேக்.

முன்னால் ஹாண்டில்பாரைப் பிடிப்பது மட்டுவார்குழலி. பதினொன்றாம் வகுப்பு. கடைசி சீட் எனக்கு.

இது திரும்பாது என்று முதல் நாள் இரவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நடுச்சக்கரம் விடாது. விட்டாலும் தெரு முனை போதாது. காலையில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது, குழலி ஏற்கெனவே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முனையில திரும்புமா திரும்பாதான்னு என்னடா கேள்வி? தேரே திரும்புது. இது திரும்பாதா?"

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏழே காலுக்குக் கிளம்பினோம். கண்காட்சிக் குழு அனுப்பிய பார்வையாளர் சவரிராஜ் மொபெட்டில் கூடவே வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். கழுத்தில் விசில், பையில் நோட்டு.

நேரான தெருவில் சைக்கிள் அழகாகப் போனது. முனையில் நின்றது. அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தோம். பிறகு ஸ்ரீவத்ஸ் ஓடிப்போய் அழகிரியைக் கூட்டி வந்தான். அழகிரி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். சித்திரையில் தேரை முனையில் திருப்பச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரும் அவரே. கட்டையும் சம்மட்டியும் கொண்டுவந்தார். சைக்கிளை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார்.

"எத்தனை பேரு இழுக்கறாங்க?"

"இழுக்கலண்ணே. மிதிக்கிறோம்" என்றாள் குழலி.

"அது உங்க விஷயம்" என்று சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்து அடித்தார்.

சவரிராஜ் குனிந்து பார்த்தார். "தூக்கல. தள்ளுறாங்க. ரூல்ல இடம் இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நிமிடத்தில் சைக்கிள் வலப்பக்கம் திரும்பியது. தெருவில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு மாமி அவசரமாகத் தேங்காயோடு வந்தார்.

"இன்னிக்கு என்ன வாகனம்டா கொழந்தே?"

"சைக்கிள் மாமி" என்றான் ஸ்ரீவத்ஸ்.

"ஓஹோ, புதுசா?" என்று சிதறுகாய் உடைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

தெற்குச் சித்திரை வீதியின் நடுவில் இடப்பக்கம் கோபுர வாசல். அங்கே திரும்பினால் ராஜகோபுரம், அப்புறம் பாலம், அப்புறம் புத்தூர். குழலி அழகிரியைப் பார்த்தாள். அழகிரி கட்டையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இடப்பக்கமா? அது ஆவாதுங்க."

"ஏண்ணே?"

"தேரு என்னிக்குமா இடப்பக்கம் போயிருக்கு? இது வலப்பக்கத்துக்குச் செதுக்கின கட்டை."

"திருப்பிப் போட்டா?"

"திருப்பிப் போட்டா அது முட்டுக்கட்டை இல்லம்மா. விறகு."

முட்டுக்கட்டையும் ஓர் ஆப்புதான். ஆப்புக்கு இடம் வலம் கிடையாது. ஏழாம் வகுப்புப் பாடம். சொன்னால் அழகிரி மனம் கோணுவாரோ என்று பேசாமல் இருந்தேன்.

சவரிராஜ் ஒரு யோசனை சொன்னார். "எங்க ரயில்ல இஞ்சினைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிருவோம். நீங்களும் பின்பக்கமா ஓட்டிட்டுப் போங்களேன். வாசல் வலப்பக்கம் வந்துரும்."

"அப்பிரதட்சிணமாவா அங்கிள்?" என்றான் ஸ்ரீவத்ஸ். "எங்காத்துல உள்ள விடமாட்டா."

பின்னால் இரண்டு ஆட்டோவும் ஒரு ஸ்கூல் வேனும் ஹாரன் அடித்தன. நிற்க முடியாது. முன்னால் போகத்தான் முடியும். மேலச்சித்திரை வீதி முனையில் வலம், வடக்கு வீதியின் இரண்டு முனையிலும் வலம், மறுபடி கீழச்சித்திரை வீதி. பள்ளி வாசலில் வெங்கட்ராகவன் சார் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை தட்டினார்.

"அதுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்களா! பிரைஸ் என்ன?"

நாங்கள் கடந்து போனோம்.

இரண்டாம் சுற்றில் கோபுர வாசலில் அழகிரி, இடப்பக்கக் கட்டைக்கு ஆசாரியிடம் ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். ஆசாரி வையம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாராம். மறுபடி சுற்றினோம். பள்ளி வாசலில் சார் இப்போது கை தட்டவில்லை.

"மாலினி, புத்தூர் அந்தப் பக்கம்!"

தலையாட்டினேன்.

மூன்றாம் சுற்றில் மணி பத்தைத் தாண்டிவிட்டது. சவரிராஜ் மொபெட்டை எங்கள் பக்கத்தில் ஓட்டியபடியே ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். கண்காட்சிக்கு வரவில்லை என்று அதில் இருந்தது. "மனசு கேக்கல. இன்னொரு ரவுண்டு கூட வரேன்" என்றார்.

கீழச்சித்திரை வீதியில் திரும்பியபோது தூரத்திலேயே பெஞ்சுகள் தெரிந்தன. வாட்ச்மேனும் இன்னொருவரும் அவற்றை ஸ்டோர் ரூம் பக்கம் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் சக்கரங்களும் செயின்களும் வாசலில் குவிந்து கிடந்தன. சார் தெருவின் நடுவில் நின்று கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க! எல்லாரும் எறங்குங்க. சங்கம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்க!"

முன் சீட்டில் குழலியின் முதுகு விறைத்தது. கேள்வி கிளம்பியது. நிறுத்தவா? ஒவ்வொரு சீட்டாகப் பின்னால் வந்தது. ஒவ்வொரு குரலும் முந்தைய குரலைவிடச் சின்னதாக இருந்தது. பத்தாவது சீட்டில் இருந்த நிஷா, திரும்ப முடியாமல், காற்றிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"மிஸ், நிறுத்தவா?"

தலையாட்டினேன்.

நிஷா காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருக்கிறேன் நான். என் தலை ஆடுவது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதோடு, எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மிஸ்?"

சார் இருபது அடி தூரத்தில் இருந்தார்.

"வேணாம்" என்றேன்.

சத்தம் அதிகமாக வந்துவிட்டது. முன்னால் கடத்த வேண்டிய அவசியமே இல்லாமல் குழலிக்கு நேராகக் கேட்டது. சாருக்கும் கேட்டது. அவர் ஒதுங்கினார். பதினொரு சீட்டும் ஒவ்வொன்றாக அவரைக் கடந்தன. கடைசியாக நான்.

"ரூம் போச்சு மாலினி!" என்றார்.

"வச்சுக்குங்க சார். நாங்க இதுலயே கூடிக்கறோம். ஆப்புக்கு இடம் வலம் கிடையாது சார்!"

கடைசி வாக்கியம் அவருக்குப் புரிந்திருக்காது. அழகிரிக்குச் சொல்ல வேண்டியது. வாய் திறந்த வேகத்தில் அதுவும் வந்துவிட்டது.

இப்போது சங்கம் தினமும் நாலரை மணிக்குச் சித்திரை வீதிகளில் நடக்கிறது. துரு தேய்க்கிறவர்கள் மடியில் வைத்துத் தேய்க்கிறார்கள். ஸ்பேனர் வேண்டுமென்றால் சீட் சீட்டாகக் கேட்டு அனுப்ப வேண்டும். முனைக்கு முனை பன்னிரண்டு நிமிடம் கிடைப்பதால் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தையும் முடித்துவிடுகிறார்கள். அழகிரி தண்ணீர் கேன் வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். சவரிராஜ் பணிமனையில் ஷிப்ட் முடிந்ததும் வருகிறார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொள்கிறார்.

போன வாரம் நாலு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சீட் கூட்ட வேண்டும். குழலி கவலைப்பட்டாள்.

"நீளம் ஏற ஏற முனையில கஷ்டம்தானே மிஸ்? இதுக்கு முடிவே இல்லியா?"

கணக்குப் போட்டேன். சவரிராஜின் மொபெட் கணக்கில் ஒரு சுற்று இரண்டே கால் கிலோமீட்டர். இரண்டாயிரத்து அறுநூறு சீட் வைத்தால் முன்சக்கரம் பின்சக்கரத்தைத் தொட்டுவிடும். நாலு முனையும் சைக்கிளிலேயே இருக்கும். அப்புறம் திருப்பவே வேண்டியதில்லை.

"நம்ம ஸ்கூல்ல மொத்தமே அறுநூத்தி நாப்பது பேர்தான் மிஸ்."

"தெரியும்" என்றேன். "திங்கக்கிழமை மத்த ஸ்கூலுக்குப் போய் நான் பேசறேன்."